போர் தண்ணி ரிப்போர்ட்: டிடிஎஸ் 1060, நைட்ரேட் 16.2. ஆர்ஓ மட்டும் போதுமா?

வைகைக்கரை:
மதுரை புறநகர். 320 அடி போர், ஆறரை அங்குலம், கேசிங் (மேல்பகுதிக் குழாய்) 40 அடி, தண்ணி மட்டம் 120 அடி. உறை இறக்கிய செப்டிக் டேங்க் 20 அடி தள்ளி இருக்கு. லேப் ரிப்போர்ட், லிட்டருக்கு மி.கி.: டிடிஎஸ் (கரைந்த உப்பின் மொத்த அளவு) 1060, மொத்தக் கடினத்தன்மை 540, கால்சியம் 120, மெக்னீசியம் 58, சோடியம் 170, காரத்தன்மை 380, குளோரைடு 290, சல்பேட் 85, ஃபுளோரைடு 0.8, நைட்ரேட் ஆஸ் 'என்' 16.2. ஈசி (மின்கடத்தல்) 1850. ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி) இருக்குன்னு போட்டிருக்காங்க.

வீட்டு மீட்டர் 925 காட்டுது, லேப் 1060 சொல்லுது, எது சரி? நைட்ரேட் வரம்பு 45, நமக்கு 16 தானே, பரவாயில்லையா? ஆர்ஓ வைத்தால் போதுமா? வீட்டில் நாலு மாசக் குழந்தை இருக்கு.

பிப்பெட்:
முதலில் நைட்ரேட். அந்த 'ஆஸ் என்' என்ற ரெண்டு வார்த்தைதான் விஷயமே. 45 என்ற வரம்பு நைட்ரேட்டாகக் கணக்கிட்டால். உங்க லேப் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எழுதியிருக்கு. 4.43-ஆல் பெருக்குங்க: 16.2 × 4.43 = சுமார் 72. வரம்பைத் தாண்டியாச்சு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500-இல் டிடிஎஸ்ஸுக்கு 500, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2000 வரை என்று சலுகை உண்டு. நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

குழந்தைக்கு இந்தத் தண்ணியில் பால்பவுடர் கலக்கவே கூடாது. ஆறு மாசத்துக்குக் கீழே நைட்ரேட் அதிகமானால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாயும். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. ஒரு லிட்டர் 800 மில்லியாகச் சுண்டினால் 72 என்பது 90 ஆகும். கிருமி சாகும், அவ்வளவுதான்.

மீட்டர் விஷயம்: அது உப்பை எடை போடுவதில்லை. மின்கடத்தலை அளந்து ஒரு எண்ணால் பெருக்குது. உங்க மீட்டரில் 0.5 போட்டிருக்காங்க, 1850-இல் பாதி 925. உங்க தண்ணிக்கு விகிதம் 0.57. மீட்டர் பழுதில்லை, ஆனால் டிடிஎஸ்ஸுக்கு லேப் எண்ணையே எடுத்துக்கோங்க. மீட்டர் ஈ.கோலையையும் காட்டாது, நைட்ரேட்டைத் தனியாகவும் காட்டாது. டிடிஎஸ் 90 இருக்கிற தண்ணியிலும் கிருமி இருக்கலாம்.

ரிப்போர்ட் நம்பகமானதுதான். கால்சியத்தை 2.5-ஆலும் மெக்னீசியத்தை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 538 வருது, கடினத்தன்மை 540-க்குப் பொருந்துது. நேர் மின்சுமை அயனிகளும் எதிர் மின்சுமை அயனிகளும் சமமாக வரணும்; மில்லி ஈக்குவலன்ட் கணக்கில் கூட்டினால் ரெண்டும் 18.5-ஐ ஒட்டியே நிற்குது. இந்தக் கணக்கு இடிக்கிற ரிப்போர்ட்டுகள் நிறைய வருது, காசு கொடுக்கும்முன் போட்டுப் பார்ப்பது நல்லது.

போர்கேமரா:
நைட்ரேட்டும் ஈ.கோலையும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் உறை டேங்க் மேல்தான். அடியில் காங்கிரீட் போடாத உறை என்றால் அது செப்டிக் டேங்கே இல்லை, உறிஞ்சு குழி. 20 அடி என்பது 6 மீட்டர். குறைந்தது 15 மீட்டராவது வேணும். பாறை வெடிப்பு வழியாக வந்தால் அந்த 15-உம் உத்தரவாதம் இல்லை.

மோட்டாரை ஏற்றிவிட்டு கேமரா இறக்குங்க. கேசிங் முடியும் 40 அடிக்குக் கீழே சுவரிலிருந்து தண்ணி கசிந்து வழியுதா பாருங்க. வழிந்தால் மேல்மட்ட ஊற்று உள்ளே இறங்குது. கேசிங்கைச் சுற்றி சிமென்ட் கிரௌட் (சிமென்ட் குழம்பு) அடிக்கணும். அதிலும் நிற்காவிட்டால் உள்ளே 5 அங்குல பிவிசி இறக்கி, அந்த வெடிப்புக்குக் கீழே வரை அடைக்கலாம். தண்ணி வரத்து குறையும், ஆனால் 4 அங்குல மோட்டார் அதற்குள் இறங்கும். கேசிங் வாய் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரணும், மூடி போடணும். உறைக்குப் பதில் அடைத்த தொட்டி கட்டி, உறிஞ்சு குழியை எதிர் மூலைக்கு மாற்றுங்க.

பிப்பெட்:
அதற்கு முன் ஒரு கேள்வி. சாம்பிள் மேல்தொட்டிக் குழாயில் எடுத்ததா, போர் வாயிலா? ஈ.கோலை தொட்டியிலிருந்தும் வரலாம். நைட்ரேட் அப்படி வராது. மறுபடி எடுங்க: மூணு நிமிஷம் ஓடவிட்டு, குழாய் வாயைச் சுட்டு, லேப் தரும் பாட்டிலைக் கழுவாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் 6 மணி நேரத்துக்குள் கொண்டு போகணும். கழுவினால் உள்ளே இருக்கிற தயோசல்பேட் (குளோரினை முறிக்கும் மருந்து) போய்விடும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட லேப் இருக்கு.

வைகைக்கரை:
மேல்தொட்டிக் குழாய்தான். போரைக் கழுவ பிளீச்சிங் பவுடர் எவ்வளவு? ஆர்ஓ பற்றி யாரும் சொல்லலையே.

பிப்பெட்:
ஆறரை அங்குல போரில் மீட்டருக்கு 21 லிட்டர். 200 அடி தண்ணி, அதாவது 61 மீட்டருக்கு ஏறக்குறைய 1300 லிட்டர். லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் வேணும்னா 65 கிராம். 30 சதவீதப் பவுடரில் 220 கிராம். திறந்து வைத்த பழைய மூட்டையில் வீரியம் பாதிகூட இருக்காது, புதுசாக வாங்குங்க. பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றணும். மாவாகக் கொட்டினால் அடியில் சேறாகி நிற்கும். மோட்டாரை ஓட்டி ஹோஸை போருக்குள்ளேயே திருப்பிவிட்டு, வாடை வரும்வரை சுற்றவிடுங்க. 12 மணி நேரம் மூடி வைத்துவிட்டு, வாடை போகும்வரை வடிகாலில் இறையுங்க. செடிக்குப் பாய்ச்சாதீங்க. ஒரு வாரம் கழித்து டெஸ்ட். மறுபடி ஈ.கோலை வந்தால் கசிவு ஓயவில்லை.

ஆர்ஓ நைட்ரேட்டைக் குறைக்கும். நல்ல மெம்பரேன் (ஆர்ஓவின் வடிகட்டும் சவ்வு) 85 சதவீதம் தடுத்தால் 72 என்பது 11 ஆகும். ஆர்ஓவில் இருக்கிற 'டிடிஎஸ் கன்ட்ரோலர்' திருகுதான் ஏமாற்றும். அது ருசிக்காக, வடிகட்டாத பச்சைத் தண்ணியைக் கலக்கிற வால்வு. மெம்பரேன் தேய்ந்து 60 சதவீதமே தடுத்தால் 29 வரும். அதில் 40 சதவீதம் பச்சைத் தண்ணி கலந்தால் 46. திரும்ப வரம்புக்கு மேலே. திருகை முழுசா மூடச் சொல்லுங்க. குளோரின் போட்ட பிறகு முன்னால் இருக்கிற கார்பன் ஃபில்டர் தீர்ந்திருந்தால் மெம்பரேன் கெடும், அதையும் மாற்றுங்க. சாஃப்ட்னர் விற்க வந்தால் வேண்டாம், உப்புப் போட்டுக் கழுவுகிற சாதாரண ரகம் கடினத்தன்மைக்குத்தான், நைட்ரேட்டுக்கு அல்ல.

அதுவரை குழந்தைக்கு நைட்ரேட் அளவு தெரிந்த வெளித்தண்ணியைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்க. ஆர்ஓ போட்ட பிறகும் வெளிவரும் தண்ணியில் நைட்ரேட் பார்த்துவிட்டுத்தான் மாறணும். ரிப்போர்ட்டில் 'ஆஸ் என்ஓ3' (நைட்ரேட்டாக) என்றே எழுதித் தரக் கேளுங்க.