குவில்ட்டிங்: ‘ஊடுதையல்’ என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

குவில்ட்டுக்கு, அதாவது துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஊடுருவித் தைக்கிற போர்வை போன்றவற்றுக்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த விவாத இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: ஒட்டுப்போர்வை, மெத்தைப்போர்வை, அடுக்குப்போர்வை, கந்தை. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தையல் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைவீட்டில்) பிறந்து டவுனுக்குக் குடிவந்தவர்கள். பேரப்பிள்ளைக்குப் போர்வை, மருமகளின் வளைகாப்புக்குப் பை, தீபாவளிக்குத் தோழி வீட்டுக்கு மேசை விரிப்பு என்று யாருக்காவது கொடுப்பதற்காகவே தைப்பவர்கள். அவர்கள் வாயில் நிற்கிற சொல்தான் எனக்கு வேண்டும். அந்த நான்கில் எதுவும் நிற்கவில்லை. ஏன் என்று யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பிரித்துப் பார்ப்போம். துணித்துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து மேல்துணி ஆக்குவது ஒன்று. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் பரப்பி, நகராதபடி பெரிய பெரிய இழையாகக் கச்சாத் தையல் போடுவது இன்னொன்று. அதற்குப் பிறகுதான் ஊசி மேலிருந்து அடிவரை இறங்கி, திரும்ப மேலேறி, மூன்றையும் ஒரே துணியாகக் கட்டுகிற தையல் வருகிறது. கடைசியில் நான்கு ஓரத்துக்கும் பட்டி. ஆங்கிலத்தில் குவில்ட்டிங் என்ற பெயர் அந்தக் கட்டுகிற தையலுக்குத்தான் உரியது. துண்டு சேர்ப்பதற்குப் பேட்ச்வொர்க் என்று தனிப்பெயர் இருக்கிறது. ஒரு துணிமேல் இன்னொரு துண்டை உருவமாக வெட்டி வைத்துத் தைத்தால் அது அப்ளிக்.

ஒரு துண்டுகூடச் சேர்க்காமல் முழுத்துணியிலேயே குவில்ட் செய்கிறார்கள். பஞ்சே வைக்காமலும் செய்கிறார்கள். வங்காளத்துக் காந்தா, பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டுத்தையல் போட்டதுதான். போர்வையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற கரித்துணியையும் இப்படித் தைக்கலாம். ஆக ஒட்டு, பஞ்சு, போர்வை எல்லாமே இல்லாமல் போகலாம். ஊடுருவிப் போகும் அந்தத் தையல் மட்டும் இல்லாமல் போக முடியாது. பெயர் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

என் கைக்கு வந்த ஒரு துணியைச் சொல்கிறேன். அம்மா பால்வெட்டுக்குப் போட்டுக்கொண்டு போன முழுக்கைச் சட்டை. ரப்பர் பால் துணியில் பட்டுக் காய்ந்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. பழுப்பேறிக் கறுத்து, அரக்குப்போல இழையோடு ஒட்டிக் கிடக்கும். அந்தச் சட்டையின் முதுகுப்பக்கத்தை வெட்டித் தங்கை மகளின் குழந்தைக்குப் போர்வை தைத்தேன். பால்கறை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், வெளியே வராது, ரப்பர் பிடித்துக்கொள்ளும். குறடு வைத்து இழுத்தால் நூல் பிரிந்துபோகும். அதனால் கறையைத் தொடாமல் தையலைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனேன். நேர்வரியாக ஓடுகிற தையல் கறை வரும் இடத்திலெல்லாம் விலகி, வளைந்து, மறுபடி வரிக்கு வரும். போர்வையைத் திருப்பிப் போட்டால் அடியில் புதுத்துணி, கறையே இல்லை. ஆனால் அதே வளைவுகள் அங்கேயும் இருக்கின்றன. மேலே எதற்காக ஒதுங்கினேன் என்பது அடியிலும் பதிந்திருக்கிறது. குவில்ட்டிங் என்பதை வகுப்பில் விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

அந்த வளைவுகளைக் காட்டியபோது வகுப்பில் ஒரு பெரியம்மா, “ஓ, ஊடால தைக்கிறதா?” என்று கேட்டார். அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘ஊடுதையல்’ என்ற என் பரிந்துரை அங்கிருந்து வந்தது. வினையாக, ஊடு தைத்தல். பொருளாக, ஊடுதையல் போர்வை, ஊடுதையல் பை. புதிதாக எது தைத்தாலும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி மற்றச் சொற்கள். மெத்தைப்போர்வைக்காக இந்த இழையில் ஒருவர் எழுதியது இது:

> மெத்தை என்பதே சரி. குவில்ட் என்ற சொல்லின் மூலம் லத்தீன் ‘குல்சிட்டா’, அதன் பொருளும் மெத்தைதான்.

மூலம் அப்படித்தான். ஆனால் அந்தச் சொல் மெத்தையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. நம் வெயிலுக்கு நாங்கள் தைக்கிற பல போர்வைகளில் இரண்டே துணிதான் இருக்கிறது. அதை மெத்தை என்றால் கையில் வாங்குகிறவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ‘அடுக்கு’ என்றதும் எல்லாருக்கும் அடுக்குப் பாவாடைதான் ஞாபகம் வருகிறது, அது வேறு தையல். ‘ஒட்டு’ கிழிசலுக்குப் போடுவது.

கந்தையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வடமொழிக் ‘கந்தா’வும் வங்காளத்துக் காந்தாவும் நம் கந்தையும் ஒரே குடும்பம் என்று இந்த இழையில் ஓர் அக்கா எழுதியதை முழுமனதோடு ஏற்கிறேன். பழைய துணி என்பதாலும் நான் தயங்கவில்லை. பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணியைத்தானே சுற்றுகிறோம்? பலமுறை துவைத்த வேட்டியின் மென்மை கடைத்துணிக்கு வராது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் என்ற ஊரில், பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த பெண்கள் நைந்துபோன வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள். 2006இல் அஞ்சல்தலையும் வந்தது. தோட்டத்தில் பாடுபட்டவர்கள் போட்ட துணிக்கு அந்த மரியாதை தகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் தமிழில் கந்தை என்ற சொல் இல்லாமையோடு பிணைந்து கிடக்கிறது. “கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த பெண்ணிடம், உன் பிள்ளைக்குக் கந்தை தைத்திருக்கிறேன் என்று நீட்ட முடியாது. காந்தா வகைத் தையலுக்குக் காந்தா என்றே வைத்துக்கொள்வோம்.

பேட்ச்வொர்க்கிற்கு ‘துண்டாடல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் அது சாதாரணச் சொல்லாக இருக்கலாம். எங்கள் ஊரில் துண்டாடல் என்றால் வெள்ளைக்காரன் தோட்டத்தைக் கூறுபோட்டு விற்று, வேலையும் வீடும் சேர்ந்து போன காலம். அதற்கு மாற்றாகத்தான் எங்கள் ஊர்க்காரரும் மலேசிய இந்தியர் தலைவருமான துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டுவதைச் சொல்கிற அந்தச் சொல், சேர்க்கிற வேலைக்கு ஆகாது. கைலியைக் கடையில் வாங்கியதும் இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பதை ‘மூட்டுவது’ என்கிறோமே, அது போதும்: துண்டு மூட்டுதல், மூட்டுத்துணி. மலாய்க்காரர் இதைத் ‘தம்பால் சந்தும்’ என்கிறார்கள்; தம்பால் ஒட்டுப்போடுவது, சந்தும் இணைப்பது. அவர்களும் இணைப்பை விடவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களின் கவாந்தி என்ற போர்வை வகையில் மூட்டுவதும் ஊடு தைப்பதும் வேறுவேறு வேலை அல்ல. அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைத்து வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கிப் போகிறார்கள். ஒரே தையல் இரண்டையும் செய்துவிடுகிறது. அங்கேயும் ஊசி அடித்துணிவரை போய் வருவதால் ஊடுதையல் என்பது பொருந்துகிறது, மூட்டுத்துணி என்பது பொருந்தாது.

சில்லறைச் சொற்கள்: ஓரத்தில் போடுவது கரைப்பட்டி. நடுவில் வைப்பது உட்பஞ்சு. பாலியெஸ்டராக இருந்தாலும் கடையில் பஞ்சு என்றுதான் கேட்கிறோம். (தலையணைக்கு அடைக்கிற இலவம்பஞ்சை இதில் வைக்காதீர்கள். வழவழப்பான இழை, துவைத்தால் கட்டிகட்டியாக ஒதுங்கிவிடும்.) ‘சமையற்கலன் பிடிப்பான்’ வேண்டாம், கரித்துணி இருக்கிறது.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து

*

மறுமொழி:

அன்புள்ள தங்கைக்கு,

தையலிலிருந்து பெயர் பிறக்க வேண்டும் என்ற வாதம் பிடித்திருக்கிறது. ஆனால் ‘ஊடு’ நெசவாளர் சொல் அல்லவா? பாவும் ஊடும் என்கிறோம். துணித்தொழிலிலேயே ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை கொடுப்பது கலைச்சொல்லுக்கு அழகில்லை. பொருநராற்றுப்படையில் “வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்” என்று வருகிறது. தைத்த துணிக்கு இவ்வளவு பழைய சொல்லை வைத்துக்கொண்டு புதிதாக எதற்கு ஆக்க வேண்டும்? குவில்ட்டிங்கிற்குத் ‘துன்னல்’ என்றே வைக்கலாமே.

கோலாலம்பூரிலிருந்து
அண்ணன்

*

மறுமொழி:

அண்ணா,

பாவும் ஊடும் தறியில் நிற்கிற சொற்கள். தையல் என்று பின்னால் வந்துவிட்டால் தறி நினைவு வராது. வகுப்பில் நெசவு தெரிந்த அம்மா ஒருவர் இருக்கிறார், அவருக்கும் குழப்பம் இல்லை. சொல்லப்போனால், குறுக்கே நுழைந்து போவது என்ற கருத்து இரண்டுக்கும் பொது.

துன்னலை விட எனக்கும் மனமில்லை. ஆனால் சிலப்பதிகாரத்தில் துணி தைப்பவர் துன்னகாரர், தோல் தைப்பவரும் தோலின் துன்னர். அவ்வளவு விரிந்த சொல்லை ஒரே ஒரு தையல் வகைக்குள் அடைத்தால் அதன் பொருள் சுருங்கிவிடும். நீங்கள் காட்டிய வரியையே இன்னொரு முறை பாருங்கள். பாட்டில் வரும் பொருநனின் துணி கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசலுக்குள் வேறு நூல் புகுந்திருக்கிறது. அது நாம் இன்று ரஃபு என்று சொல்கிற வேலை. கிழிந்த இடத்தில் இழையிழையாக நூல் ஓட்டி அடைப்பதற்குத் தமிழில் புழங்குகிற பெயர் எனக்குத் தெரிந்து இல்லை. துன்னலை அதற்குக் கொடுப்போம். பொருளும் இடம் மாறாது.

ஒன்றுக்குமட்டும் உங்கள் உதவி வேண்டும். தைக்கும்போது ஓரத்தில் உள்ளே விடுகிற துணிக்கு என்ன பெயர் வைப்பது? 5 அங்குலச் சதுரத்தில் சுற்றிலும் கால் அங்குலம் விட்டால் முடிந்தபின் 4½ அங்குலம்தான் மிஞ்சும். 10 சதுரம் மூட்டினால் நடுவில் 45 அங்குலம் கிடைக்கும், 50 கிடைக்காது. இந்தக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் “உள்ளே விடுகிற துணி, உள்ளே விடுகிற துணி” என்று நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது. ‘விடுதுணி’ என்று சுருக்கினால், வெட்டி எறிகிற துணி என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ? அடுத்த ஞாயிறு வகுப்புக்குச் சொற்பட்டியல் அச்சடிக்கிறேன். அதற்குள் எழுதுங்கள்.