புது எடிட் லேப் வந்த கல்லூரிகளில் நிலைமை எப்படி? அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை வாத்தியார்:
எங்கள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறைக்கு வீடியோ எடிட் செய்யப் புது லேப் வந்துவிட்டது. 32 ஜிபி ராம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் கேட்டபடியே கிடைத்தது. ஆனால் முந்தைய பேட்ச் மாணவி ஒருத்தி என் நினைப்பிலேயே நிற்கிறாள். அழகர் ஆற்றில் இறங்குவதை 4கேயில் எடுத்து வந்திருந்தாள், ராத்திரி முழுக்க கோரிப்பாளையம் கூட்டத்தில் நின்று. பழைய மெஷினில் பிளே அமுக்கினால் படம் உறைந்து நிற்கும், சத்தம் மட்டும் ஓடும். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டைம்லைனில் ஒலி அலையின் மேடு பள்ளத்தைப் பார்த்தே வெட்டினாள். "கோவிந்தா சத்தம் எழும்புற இடத்துலதான் சார் குதிரை தெரியும்" என்றாள். எக்ஸ்போர்ட் முடிந்து பார்த்தால் வெட்டு சரியாக அங்கேயே விழுந்திருந்தது. இந்த லேப் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அவனியாபுரம் பையன்:
லேப் வந்தால் போதுமா சார்? எங்களுக்கும் ஸ்டூடியோ வந்தது. கிரீன் மேட், டெலிப்ராம்ப்டர், ஸ்விட்சர் எல்லாம். கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வந்த அன்று ஏசி போட்டு எங்களைச் செய்தி வாசிக்க வைத்தார்கள். மறுநாளிலிருந்து பூட்டு. பொங்கலன்று எங்கள் ஊர் ஜல்லிக்கட்டை எடுத்துவிட்டு, பின்னணிக் குரல் பதிவு செய்யச் சாவி கேட்டேன். எச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்து வேண்டுமாம், அவர் மீட்டிங்கில். கடைசியில் அண்ணன் காருக்குள் கண்ணாடியை ஏற்றி, போர்வையைப் போர்த்திக்கொண்டு போனில் பதிவு செய்தேன். வியர்வை சொட்டி, தாளில் "வாடிவாசல்" என்று எழுதியிருந்தது அப்படியே கரைந்துவிட்டது. லேப் ஃபீஸ் மட்டும் ஒவ்வொரு செமஸ்டரும் கட்டினோம்.

லேப் அண்ணன்:
தம்பி, பூட்டுகிறவன் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். நான் வேறொரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். ஒரு காலர் மைக் காணாமல் போனால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருப்பது என் கையெழுத்து. ஆடிட்டில் நிற்பதும் நான்தான். எனக்கு உறுத்துவது வேறு. டிரைவில் இடமில்லை என்று ஜூனியர் ஒருவன் சீனியரின் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டான். மதியம் அந்த சீனியர் பையன் வந்து திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவாகும் 4கே, மணிக்கு 45 ஜிபி தின்னும். மேம்பாட்டுக்கு லிஸ்ட் போடும்போது எல்லாரும் கேமரா எழுதுகிறார்கள், பொது ஸ்டோரேஜ் யாருமே எழுதுவதில்லை.

சிம்மக்கல் எடிட்டர்:
நான் காலேஜ் வாசலை மிதித்ததில்லை, கல்யாண வீடியோ எடிட்டர். பார்ட் டைம் வந்த மூன்றாம் வருடப் பையன் "ப்ராக்ஸின்னா என்னண்ணே?" என்று கேட்டான். மனசு கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன். வாத்தியார் சார், அந்தப் பழைய மெஷினிலேயே 720பி ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் சின்ன அளவு நகல், போட்டிருந்தால் அந்தப் பிள்ளை படத்தைப் பார்த்தே வெட்டியிருக்கும். எக்ஸ்போர்ட்டில் ஒரிஜினல் ஃபைல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே யுஎச்டி (3840x2160) வரை எக்ஸ்போர்ட் செய்யும், பாடம் நடத்த அது தாராளம். மிஞ்சுகிற பணத்தை ஒலிக்குப் போடுங்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டாதீர்கள். பைபாஸ் ரோட்டு ஹாரனை அது தடுக்காது. ராக்வூல் (கல்நார் போன்ற பஞ்சு அல்ல, பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பலகையைத் துணி சுற்றி மாட்டுங்கள், எதிரொலி அடங்கும். வெளிச்சத்தம் வராமல் இருக்கக் கதவு இடுக்குக்கு ரப்பர் பட்டை வேண்டும். பதிவின்போது ஏசியை நிறுத்தும் சுவிட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். அப்புறம் லைட். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி வைத்தால் ட்யூப் லைட் மினுக்காது. 1/60 வைத்துவிட்டு கேமராவைக் குறை சொல்லக் கூடாது. யுபிஎஸ் இல்லாமல் மட்டும் எந்த லேபையும் திறக்காதீர்கள்.

அவனியாபுரம் பையன்:
லேப் அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் மாணவன் பெயரில் எழுதி, ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்கலாமே? ஒரு மைக் தொலையும் என்று முப்பது பேரை வெளியே நிறுத்துவது நியாயமில்லை.

உசிலம்பட்டி பஸ்:
எல்லாரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் லேபை மூன்றரைக்கு மூடிவிடுவார்கள். மதியம் வரை வகுப்பு, அப்புறம் எடிட் டேபிளுக்கு வரிசை. என் முறை வந்து ரெண்டர் பாதியில் ஓடும்போது பெருக்குகிற அக்கா வந்து, "கிளம்பு கண்ணு, மெயினை அணைக்கணும்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, பாவம், அவருக்கும் பஸ் பிடிக்க வேண்டும். பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே எழுந்தேன். என் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. சாயங்காலம் லேப் திறந்திருந்தாலும் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குத்தான் பயன். எங்களுக்குக் காலைதான் வசதி. எட்டு மணிக்கே திறக்கச் சொல்லி வகுப்பில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஸ்டோரேஜையும் யுபிஎஸ்ஸையும் அதில் சேர்த்துவிட்டேன். வேறென்ன விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லுங்கள், திங்கட்கிழமை முதல்வரிடம் கொடுக்கிறோம்.