ஓவர்கிளாக்கிங்: தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

திருநெல்வேலி, திங்கள் இரவு

கலைச்சொல் மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாலை வகுப்பில் கணினிப் பழுதுநீக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். நினைவகம் பற்றிய 12 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓவர்கிளாக்கிங், அதாவது சில்லின் கடிகாரத் துடிப்பை விற்றவர் குறித்த வேகத்துக்கு மேல் ஏற்றி ஓட்டுவது, வருகிற இடங்களில் மட்டும் புள்ளி வைத்து விட்டிருக்கிறேன்.

இந்தப் பாடத்தைச் சேர்க்க வைத்தவர் ஒரு மாணவர். 3200 வேகம் என்று விற்ற டி.டி.ஆர்.4 வகை ராமை (நினைவகத்தை) 3600-இல் ஓட்டினார். இரவு முழுவதும் சோதனை நிரல் ஓடியது, ஒரு பிழைகூட இல்லை. மறுநாள் பிற்பகல் விளையாட உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் கணினி முடங்கி நீலத்திரை. இரவில் அறை குளிர்ந்திருந்தது, வரைகலை அட்டையும் சும்மா கிடந்தது. பகலில் வெயிலோடு அந்த அட்டையின் அனல்காற்றும் ராமின் மேல் வீசியது. பாடம் இவ்வளவுதான். சொல்தான் இல்லை.

கோவை, திங்கள் இரவு

நான் ஒரு மென்பொருளுக்கு 'மிகைக்கடிகாரமாக்கம்' என்று எழுதிக் கொடுத்தேன். பொத்தானுக்குள் 'மிகைக்கடி' வரைதான் தெரிந்தது. கொசுவர்த்தி விளம்பரம் என்று நண்பர்கள் சிரித்தார்கள். அந்தப் பாவத்துக்குக் கழுவாயாக 'மிகைத்துடிப்பு' என்பதை முன்வைக்கிறேன்.

தஞ்சாவூர், செவ்வாய் காலை

தம்பி, கடிகாரத்தைக் கைவிட்டது நன்று. அது கடிகை வழி வந்தது. கடிகைக்கு மூலம் நீர்க்குடம். ஆனால் 'மிகை' வேண்டாம். பிறப்பறுக்க முயல்வார்க்கு உடம்பும் மிகை என்கிறது 345ஆம் குறள். வேண்டாத சுமை என்பதே அங்கே பொருள். மாணவன் வேண்டி விரும்பிச் செய்வதை வேண்டாதது என்று பெயரிடுவானேன்?

பொழுதளக்கும் கருவிக்கு நம்மிடம் 'கன்னல்' இருக்கிறது. முல்லைப்பாட்டின் பாசறையில் நாழிகைக் கணக்கர் குறுநீர்க் கன்னலைப் பார்த்துத்தான் அரசனுக்குப் பொழுது சொல்கிறார்கள். 'மிகுகன்னல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வினைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது.

கோவை, செவ்வாய் காலை

ஐயா, கன்னல் என்றால் கரும்பும்தானே. மிகுகன்னல் என்று அச்சிட்டால் சர்க்கரை நோய்க் கையேடு என்று எடுத்துப் போய்விடுவார்கள். 'மிகைநாடி மிக்க கொளல்' என்று 504ஆம் குறளும் இருக்கிறது. அங்கே மிகை குற்றமில்லை, எது கூடுதலோ அது.

தஞ்சாவூர், செவ்வாய் நண்பகல்

504-இல் மிகை ஒப்பீட்டுப் பொருளது. அதை இங்கே கொண்டுவர முடியாது. போகட்டும், 'துடிப்பு' என்று தாங்கள் சொன்னதும் ஒன்று தோன்றிற்று. ஐந்து நிலத்துக்கும் ஐந்து பறை உண்டல்லவா? பாலைக்குரிய பறை துடி. பாலையோ வெப்பத்தின் நிலம். துடி மிகுந்தால் வெப்பம் மிகும் என்பதைத் திணை வகுத்தவர்கள் அன்றே...

கோவை, செவ்வாய் நண்பகல்

ஐயா, திணை வகுத்தவர்களை ராம் வரைக்கும் இழுக்க வேண்டாம்.

யாழ்ப்பாணம், செவ்வாய் மாலை

வணக்கம். எங்கள் பாடநூல்களில் நீங்கள் சொல்லும் அதிர்வெண் 'மீடிறன்'. 'மீடிறன் உயர்த்தல்' என்று வைத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

இரவோடு இரவாகத் தனிமடலில் ஒருவர் 'துடிப்பேற்றம்' என்று அனுப்பியிருக்கிறார். அது மட்டும் கூடாது. மின்னூட்டம் என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் 'ஏற்றம்' என்கிறோம். உங்கள் மின்தேக்கி எங்களுக்குக் கொள்ளளவி. ராமில் தகவலைத் தாங்கும் ஒவ்வொரு சிறு கலமும் ஒரு கொள்ளளவி, அதில் நிற்பது ஏற்றம். அந்தப் பாடத்துக்குள்ளேயே துடிப்பேற்றமும் வந்தால் எதை ஏற்றுகிறோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

சென்னை, செவ்வாய் இரவு

இங்கே கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு நாள் நின்று பாருங்கள். யாரும் ஓவர்கிளாக்கிங் என்றுகூட முழுதாகச் சொல்வதில்லை, 'ஓசி' என்கிறார்கள். பையன் 'ராமை ஓசி செய்தேன்' என்றான். பணம் கொடுக்காமல் யாரிடம் வாங்கினாய் என்று அவன் அம்மா கேட்டாராம். அந்த ஓசியும் கும்பினி காலத்துத் தபால் முத்திரையிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு.

யோசித்தால் பொருந்தத்தான் செய்கிறது. காசு கொடுக்காமல் வேகம். ஆனால் சில்லுக்கு வைத்த 1.2 வோல்ட்டை 1.4-க்கு ஏற்றினால் அது வெப்பமாகத் திரும்பி வருகிறது. அடுத்த தலைமுறையான டி.டி.ஆர்.5-இல் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சில்லும் தாய்ப்பலகையை விட்டு ராமின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. சூட்டுக்கு இன்னொரு வாசல். ராமின் மேல் சூடு தணிக்க ஒட்டியிருக்கும், வண்ண விளக்குப் போட்ட தகட்டைப் பார்த்து மயங்காதீர்கள். அதன் மேல் காற்று போகாவிட்டால் அது வெறும் போர்வை.

திருநெல்வேலி, புதன் இரவு

குழுவுக்கு நன்றி. நாற்பது மடல்களைப் படித்துவிட்டு இன்று அந்த மாணவரின் கணினியைத் திறந்து பார்த்தேன். என்னைக் குழப்பிய சொல் ஓவர்கிளாக்கிங் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

ராமின் கலம் ஒழுகுகிற குடம். டி.டி.ஆர்.4-இல் 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். சூடு ஏற ஏற ஒழுக்கு கூடும். சில்லு 85 பாகை செல்சியசைத் தாண்டினால் அந்த 64 பாதியாகி 32 ஆக வேண்டும் என்பது விதி. இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ரிஃப்ரெஷ் என்று பெயர். சென்ற ஆண்டுக் கையேட்டில் நான் 'புதுப்பிப்பு' என்று எழுதியிருந்தேன்.

மாணவர் பயாஸுக்குள் (தாய்ப்பலகையின் அமைப்புத் திரைக்குள்) இரண்டு நிரப்பல்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்திருக்கிறார். எல்லா வரிசையையும் ஒரே மூச்சில் நிரப்புவதில்லை, தவணை தவணையாக 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு நிரப்பல் என்பது வழக்கம். அதை முடிந்தவரை நீட்டிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "புதுப்பிப்பு அடிக்கடி வந்தால் வேகம் குறையும் என்று நினைத்தேன் சார், விண்டோஸ் புதுப்பிப்பு மாதிரி" என்றார். பாதி சரி. நிரப்புகிற நேரத்தில் ராம் வேறு வேலை பார்க்காது, ஆகவே இடைவெளி நீண்டால் வேகம் கொஞ்சம் கூடும். ஆனால் பிற்பகல் சூட்டில் அடுத்த நிரப்பல் வருவதற்குள் குடம் வற்றிவிடுகிறது. இரவில் தப்பியது, பகலில் விழுந்தது. 3600-ஐ அப்படியே விட்டு அந்த இடைவெளியை மட்டும் பழையபடி வைத்தேன். ஒரு சிறு விசிறியையும் ராமுக்கு நேராகத் திருப்பினேன். மூன்று மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இப்போது எனக்கு இரண்டு சொல் வேண்டும்.

கோவை, புதன் இரவு

இரண்டாவதற்கு 'மீளூட்டம்'. மின்னூட்டம் ஏற்கெனவே இருப்பதால் உறவு தெரியும்.

யாழ்ப்பாணம், வியாழன் காலை

உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஊட்டம் என்றால் சத்துணவுதான்.

தஞ்சாவூர், வியாழன் காலை

'மீள்நிறை' என்றால் இரு கரைக்கும் பொது. குடத்துக்கும் பொருந்தும், குடத்திலிருந்தே கடிகை என்று நான் முதலில் சொன்னதை நினைவூட்டுகிறேன். முதற்சொல்லுக்கு 'மிகுதுடி'. ஒரு வல்லினமும் மிகாது, பொத்தானிலும் அடங்கும்.

சென்னை, வியாழன் பிற்பகல்

நிறை என்றால் பள்ளியில் இயற்பியல் நிறையும் (மாஸ்) வந்துவிடும் ஐயா. எனக்கு ஓவர்கிளாக்கிங் என்றே இருக்கட்டும். கடைக்கு வந்து மிகுதுடி கேட்பவனுக்கு நான் எதை எடுத்துக் கொடுப்பேன்?

திருநெல்வேலி, வெள்ளி காலை

அச்சகத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்துவிட்டது. தலைப்பில் ஓவர்கிளாக்கிங், உள்ளே 'துடிப்புயர்த்தல்' என்று கொடுத்துவிட்டேன். துடிப்பு கோவையிலிருந்து, உயர்த்தல் யாழ்ப்பாணத்திலிருந்து. ரிஃப்ரெஷுக்கு 'மீளூட்டம்' என்று வைத்து, ஒழுகும் குடத்தின் படத்தைப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். 'புதுப்பிப்பு' என்று இருந்த எல்லா இடத்தையும் தேடி நீக்கியாயிற்று. ஓரிடத்தில் 'நூலக அட்டை புதுப்பிப்பு' என்பதும் மீளூட்டமாகிவிட்டது. அதை இப்போதுதான் பார்த்தேன்.

யாழ்ப்பாணம், வெள்ளி பிற்பகல்

வாழ்த்துகள். எங்கள் பக்கத்துக்கு ஒரு பிரதி தந்தால் மீளூட்டத்தை நானே பேனாவால் மாற்றிக்கொள்வேன்.

தஞ்சாவூர், சனி காலை

துடிப்புயர்த்தல் தொழிற்பெயர். செய்த பின் இருக்கும் நிலையை எப்படிச் சொல்வீர்கள்? துடிப்புயர்ந்த நினைவகமா, துடிப்புயர்த்திய நினைவகமா? துடிப்பு தானாக உயரவில்லையே. இதைத் தனி இழையில் எழுதுகிறேன்.