மறு: கேஷுக்குப் ‘பதுக்ககம்’ வேண்டாம், ‘கையிருப்பு’ சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கணினியில் கேஷ் (cache) என்பது, முதன்மை நினைவகத்தில் (ரேம்) உள்ள தரவின் படியை, அதாவது நகலை, மையச் செயலகம் (சிபியு) உடனே எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கும் சிறிய, வேகமான நினைவகம். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு.

> ‘பதுக்ககம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லின் பொருளும் அதுதானே.

ஐயா, மூலச்சொல் பிரெஞ்சில் ஒளித்துவைப்பதைக் குறிப்பது உண்மைதான். ஆனால் தமிழில் பதுக்கல் என்றதும் விலை ஏறட்டும் என்று சரக்கை வெளியே விடாமல் பூட்டிவைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. கேஷோ கேட்ட கணத்தில் எடுத்துக்கொடுப்பதற்காகவே இருக்கிறது. வகுப்பில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “யாருக்குத் தெரியாமல் பதுக்குகிறது?” என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. அங்கே தரவை யாரும் மறைக்கவில்லை, நிரல் எழுதுபவரின் கண்ணில் படாமல் இருப்பது அந்த நினைவகம்தான் என்று புரியவைப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. கேஷ் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித்தர வேண்டிய நேரம் அது.

ஆங்கிலத்திலும் பெயர் உடனே அமைந்துவிடவில்லை. 1965-இல் பிரிட்டிஷ் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் இந்த எண்ணத்தைக் கட்டுரையாக எழுதியபோது ‘அடிமை நினைவகம்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். 1968-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் இது இடம்பெற்றது. அதைப் பற்றிய கட்டுரையில் முதலில் இருந்த பெயர் ‘அதிவேக இடையகம்’ என்ற பொருள் தருவது. ஐபிஎம் ஆய்விதழின் ஆசிரியருக்கு அது போதவில்லை. வேறு நல்ல சொல் கேட்டார். யாரும் தராததால் அவரே கேஷ் என்று முன்வைத்தார். இங்கே ‘இடைமாற்று நினைவகம்’ என்று எழுதும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐபிஎம் இதழில் போதாது என்று விட்ட இடத்துக்கே நாம் திரும்பிப் போகிறோம். பஃபருக்கு இடையகம் என்ற சொல் நன்றாகப் பொருந்தி நிற்கிறது: வேகம் ஒத்துப்போகாத இரண்டுக்கு நடுவே தரவு காத்திருக்கும் இடம். எடுத்ததும் அதன் வேலை முடிந்தது. கேஷில் வைப்பதோ, இதையே மறுபடியும் கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பில்.

‘தற்காலிக நினைவகம்’ வேண்டாம். மின்சாரம் போனால் முதன்மை நினைவகத்தில் இருப்பதும்தான் போய்விடும். ‘தேக்ககம்’ என்றால் ஓட்டம் நின்றுவிட்ட மாதிரி ஒலிக்கிறது.

என் பரிந்துரை ‘கையிருப்பு’. நினைவகம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கையிருப்பு நினைவகம்’.

ஒரு கலைச்சொல்லைத் தனியாக வைத்துப் பார்த்து ஒப்புக்கொள்ளக் கூடாது, அதை வாக்கியத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஓடவிடுவோம். 4,096 வரிசையும் (குறுக்கே) 4,096 நிரலும் (மேலிருந்து கீழே) கொண்ட ஓர் எண் அணி. ஒவ்வோர் எண்ணுக்கும் 4 பைட்டு. வரிசை வரிசையாக நினைவகத்தில் கிடக்கிறது. எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். முதல் எண்ணைக் கேட்டதும் மையச் செயலகம் முதலில் கையிருப்பில் தேடுகிறது. அங்கே இல்லை. முதன்மை நினைவகத்துக்குப் போகிறது. அங்கிருந்து அந்த 4 பைட்டு மட்டும் வருவதில்லை, 64 பைட்டு சேர்ந்து ஒரே கட்டாக வருகிறது. ஆக, அடுத்த 15 எண்களும் இப்போது கையிருப்பில் உள்ளன. கையிருப்பில் கிடைத்தால் நாலைந்து சுழற்சியில் (செயலகத்தின் கடிகாரத் துடிப்பில்) வேலை முடியும்; கிடைக்காவிட்டால் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் காத்திருக்க வேண்டிவரும். அதே அணியை மேலிருந்து கீழாக, நிரல் நிரலாகக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 16,384 பைட்டு தாண்டிப் போகிறோம். வந்த கட்டில் ஓர் எண்ணைத்தான் தொட்டோம். மீதி 15-ஐத் தொடுவதற்குள் அந்தக் கட்டு வெளியேற்றப்பட்டுவிடும். விடை ஒன்றுதான், நேரம் மட்டும் பல மடங்கு.

மேலே உள்ள பத்தியில் ஓர் இடத்திலாவது சொல் இடறியதா? எனக்கு இடறவில்லை. ஆங்கிலத்தில் ஹிட், மிஸ் என்று தனிச்சொல் தேவைப்படுகிற இடத்தில், ‘கையிருப்பில் உண்டு’, ‘கையிருப்பில் இல்லை’ என்று நாம் அன்றாடம் சொல்வதே போதும். பதுக்ககத்தை வைத்து இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். 64 பைட்டுத் தொகுதியை ஆங்கிலத்தில் லைன் என்கிறார்கள்; அதைக் ‘கையிருப்பு வரி’ என்று எழுதினால் யாரும் அரசுக்குக் கட்டும் வரி என்று நினைத்துவிடுவார்கள். அதனால்தான் ‘கட்டு’ என்று போட்டேன். சேர்ந்தே வருவதை அது காட்டவும் செய்கிறது.

> கையிருப்பு என்றால் பணமும் சரக்கும்தான். கணக்கு வழக்குச் சொல்லை இங்கே கொண்டுவந்தால் குழப்பம்.

குழப்பம் இப்போதே இருக்கிறது, நண்பரே. தமிழ் எழுத்தில் பணத்துக்கும் கேஷ்தான், இதற்கும் கேஷ்தான். வலை, சுட்டி, சாளரம் எல்லாமே வேறிடத்திலிருந்து வந்து கணினியில் குடியேறியவைதாம்.

> கையிருப்பு என்றால் பொருளே கையில் இருக்கிறது என்று ஆகிவிடுமே. கேஷில் இருப்பது படிதானே?

அம்மா கேட்ட இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கிடங்கிலிருந்து எடுத்துவந்த பொருள் கிடங்கில் இருக்காது; இங்கே பெரும்பாலும் இரண்டு இடத்திலும் இருக்கும். வேறுபடுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கையிருப்புப் படி’, ‘மூலம்’ என்று எழுதலாம். ஆனால் படியை மாற்றிவிட்டு மூலத்தை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் நிலை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் கட்டை அழுக்கானது என்கிறார்கள். அதை அப்படியே பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. அதில் கெட்டுப்போனது எதுவும் இல்லை, சொல்லப்போனால் புது மதிப்பு அதில்தான் இருக்கிறது. ‘திருப்பி எழுதாத கட்டு’ என்பது வரை வந்திருக்கிறேன், கொஞ்சம் நீளம். இரண்டு சொல்லில் அடங்கினால் நல்லது. அம்மாவே ஒன்று சொல்லுங்கள்.

அன்புடன்.