எஸ்டீம் ட்ராக் கார்: வளைவில் ஆயில் பிரஷர் விழுகிறது, உதவி தேவை

கோவையில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் கட்டிக்கொடுத்த ட்ராக் காரில் இன்ஜின் போய்விட்டது. தவறு என்னுடையதுதான். வண்டியைத் தாழ்த்த ஆயில் சம்ப்பை (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) 25 மி.மீ. வெட்டிக் குறைத்தேன். அவர் கேட்கவில்லை, நானே எடுத்த முடிவு. அதை அவரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். இரண்டாவது இன்ஜின் என் செலவு. இதையும் இழந்தால் தாங்காது.

வண்டி 2001 மாருதி எஸ்டீம், 1.3 லிட்டர், 16 வால்வு, செமி ஸ்லிக் டயர் (ட்ராக்கில் அதிகப் பிடிப்பு தருவது). ஜனவரியில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் முதல் ஓட்டம். பத்தாவது லேப்பில் அடியில் தட்டும் சத்தம். பிரித்தால் மூன்றாவது கனெக்டிங் ராட் பேரிங் சுழன்று கிராங்க்கையே கீறியிருந்தது.

இப்போது புது இன்ஜினில் ஆயில் பிரஷர் விழுகிறது. நேர்ப்பாதையில் 4 பார். ஆயில் சூடானதும் நீண்ட வலது வளைவில் 1 பாருக்கும் கீழே போகிறது, வளைவு முடிந்ததும் ஏறிவிடுகிறது. மூன்று லேப்போடு நிறுத்திவிட்டேன்.

ஆயில் பம்ப் புதிது. மெக்கானிக்கல் கேஜ் மாட்டியும் அதே அளவுதான். களிமண் வைத்துப் பார்த்ததில் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய்க்கும் சம்ப்புக்கும் 8 மி.மீ. இடைவெளி. 20டபிள்யூ-50 ஆயில் மாற்றினேன், சம்ப்புக்குள் ஆயில் ஒரு பக்கமாக ஓடாமலிருக்கத் தடுப்புத் தகடும் வெல்ட் செய்தேன், பலனில்லை. அப்புறம் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றினால் வளைவின் தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் தாங்குகிறது.

சம்ப்பைப் பழைய ஆழத்துக்கே மாற்றி, உள்ளே ஒருவழிக் கதவு வைத்த தடுப்பு போட்டால் போதுமா, இல்லை ஆயில் அக்யுமுலேட்டரும் (ஆயிலை அழுத்தத்தில் சேமித்து, பிரஷர் விழும்போது இன்ஜினுக்குத் தரும் கலம்) கட்டாயம் வேண்டுமா?