பார்டோக் மரபை உடைத்தாரா, தோண்டி எடுத்தாரா?

கேள்வி:
19ஆம் நூற்றாண்டு ஹங்கேரிய இசையமைப்பாளர் லிஸ்ட்டின் 2ஆம் ஹங்கேரிய ராப்சொடி கேட்டவுடனே பிடித்துவிட்டது. அதே சூட்டில் அதே நாட்டின் 20ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பார்டோக்கின் 4ஆம் குவார்டெட்டைப் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கானது) போட்டேன், ஒன்றுமே ஒட்டவில்லை. ஒரே நாட்டு இசை இவ்வளவு மாறியது எப்படி? எங்கே ஆரம்பித்துக் கேட்கலாம்?

பதில் 1:
இருவரும் கையில் எடுத்த மரபே வேறு. லிஸ்ட் கேட்டது நகரத்து ரோமா வாத்தியக் குழுக்கள் வாசித்த வெர்புங்கோஷ், சார்தாஷ் என்ற ஆட்ட இசைகள். அதில் அடிக்கடி வரும் ஸ்கேலுக்கு நம் சிம்மேந்திரமத்யமத்தின் ஸ்வரங்களே. பார்டோக்கும் சக இசையமைப்பாளர் கோடாயும் மெழுகு உருளை ஃபோனோகிராஃபோடு கிராமங்களுக்குப் போனார்கள். 1907இல் டிரான்சில்வேனியாவில் பார்டோக்குக்குக் கிடைத்த பழம்பாட்டுகளில் அடிப்படையாக ஐந்தே ஸ்வரம்: ஸ க2 ம1 ப நி2. சுத்த தன்யாசி! மெட்டு மேலே தொடங்கி இறங்கும்; பல பாட்டுகளில் முதல் பாதியே பஞ்சமம் கீழே தள்ளித் திரும்ப வரும்.

இதில் காகலி நிஷாதம் கிடையாது. அதனால் ஐரோப்பியப் பாடத்தின் டாமினன்ட்-டானிக் முடிவு (காகலி நிஷாதம் உள்ள பஞ்சமக் கார்டிலிருந்து ஸட்ஜக் கார்டுக்கு வந்து முடிவது; கார்டு என்றால் சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) இந்த மெட்டுகளில் உட்காராது. வேறு கார்டுகள் தேட வேண்டியதாயிற்று. பார்டோக்கின் நவீனத்துக்கு ஒரு பெரிய ஊற்று அதுதான்.

பதில் 2:
லிஸ்ட்டுக்கும் பார்டோக்குக்கும் இடையிலான தலைமுறை இடைவெளி மட்டும் காரணமில்லை. டோனானி என்ற இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரும் பார்டோக்கும் புடாபெஸ்டில் கோஸ்லர் என்ற ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். டோனானி பிராம்ஸின் ஜெர்மானிய ரொமான்டிக் வழியிலேயே நின்றார். 1923இல் புடா-பெஸ்ட் இணைப்பின் 50ஆம் ஆண்டுக் கச்சேரியில் டோனானியின் ஓவர்ச்சர், கோடாயின் சால்முஸ் ஹங்காரிகுஸ், பார்டோக்கின் டான்ஸ் ஸ்வீட் மூன்றும் அரங்கேறின. அடுத்தடுத்துக் கேளுங்கள், பிளவு காதிலேயே தெரியும்.

பதில் 3:
குவார்டெட்டுக்கு முன் 1908இன் 'டிரான்சில்வேனியாவில் மாலை' பியானோ துண்டைக் கேளுங்கள். மெட்டுகள் பார்டோக்கின் சொந்தம், சாயல் கிராமத்துடையது. பேச்சுநடையில் ஒரு பகுதி, ஆட்டநடையில் ஒரு பகுதி, மாறி மாறி வரும். வாசிப்பவர்கள் சறுக்குவது பேச்சுநடையில்: மெட்ரோனோம் வைத்துச் சமமாக அளந்துவிடுகிறார்கள். ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசைமேல். குறில்-நெடிலாக வரும் இடத்தில் அந்தக் குறிலைத்தான் அழுத்த வேண்டும்.

பிறகு 4ஆம் குவார்டெட்டின் 3ஆம் பகுதியை மட்டும் கேளுங்கள். மற்ற மூவரும் ஒரு கார்டைப் பிடித்து நிற்க, செல்லோ தனியாகப் பேசும். அதன் இருபுறமும் 2ம் 4ம் ஜோடி (4 முழுக்க விரலால் சுண்டுவது), வெளிப்புறத்தில் 1ம் 5ம்.

அடுத்த தலைமுறைக்கு ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டியின் 'மூசிகா ரிசெர்காடா', 1951-53. பதினொரு துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்வரம் கூடும். முதலாவதில் 'ஏ' என்ற ஸ்வரம் மட்டுமே, ஆக்டேவ் ஆக்டேவாகத் தாவிக்கொண்டிருக்கும். அதன் கடைசியில்தான் 'டி' என்ற ஸ்வரம் விழும்.