எண் 22 ஈயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் டிரவுட்: அவசர உதவி தேவை

குறுமுள்
வணக்கம். நாளை விடியற்காலை மறுபடி போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள். டிரவுட் மீன்கள் கண்ணெதிரே மேய்கின்றன. பறப்பது மிட்ஜ் என்ற குட்டிப் பூச்சிதான், கறுப்பு, என் சட்டைக் கையில் வந்து உட்கார்ந்ததையே பார்த்தேன். அதே நிறத்தில், அதே அளவில், எண் 22 தூண்டில் முள்ளில் (எண் கூடக்கூட முள் சின்னது) நூலும் இறகும் சுற்றி ஆறு போலி ஈ கட்டினேன். மீன் எழுந்து வருகிறது, ஒரு விரற்கடை தூரத்தில் நின்று பார்க்கிறது, திரும்பிவிடுகிறது. இரண்டு முறை வாயில் எடுத்தும் முள் ஏறவில்லை. மூன்று மணி நேரம் நின்றும் ஒன்றுகூட இல்லை. கட்டியதில் என்ன தவறு?

நீரோட்டம்
ஆறா, ஏரியா? மிதக்கும் ஈயா, மூழ்கும் ஈயா? உடல் எதனால் கட்டினீர்கள்? படம் இருக்கிறதா? "மிட்ஜ் கட்டினேன்" என்று மட்டும் சொல்வது "துணி தைத்தேன்" என்பதைப் போல. சட்டையா தலையணை உறையா என்று தெரிந்தால்தானே பிரித்துப் பார்க்க முடியும்.

எட்டெக்ஸ்
டிப்பெட், அதாவது ஈயைக் கட்டும் நுனி இழை, எத்தனை எக்ஸ்? இதைச் சொல்லாமல் வேறு எதைப் பேசியும் பயனில்லை. முள் எண்ணை மூன்றால் வகுத்தால் 22க்கு ஏறக்குறைய 7எக்ஸ் வரும். 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் இழையின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கிடைக்கும்: 5எக்ஸ் என்றால் 6, 7எக்ஸ் என்றால் 4. அவ்வளவு சின்ன ஈயைத் தடித்த இழையில் கட்டினால் அது நீரோடு போகாது, இழை போகும் பக்கம் போகும். மீன் நின்று பார்த்துத் திரும்புகிறது என்றாலே எனக்கு இழைதான் நினைவுக்கு வருகிறது.

பழந்தூண்டில்
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. இங்கே உள்ள பழைய விவாத இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. எண் 14இல் நூறு ஈ கட்டிக் கை பழகியபின் 22க்கு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் முள்ளில் பஞ்சு உருண்டைதான் உட்கார்ந்திருக்கும். மீனுக்குக் கண் இருக்கிறது.

இறகுப்பெட்டி
கொசு ஈ என்றால் நான் ஒன்றே ஒன்றுதான் கட்டுவேன், கிரிஃபித்ஸ் நாட். மயில் இறகு இழையால் உடல், அதன்மேல் தலையிலிருந்து வால்வரை வரிச் சேவல் இறகைச் சுற்றினால் முடிந்தது. 1959இல் மிச்சிகனில் டிரவுட் அன்லிமிடெட் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் கிரிஃபித்தின் பெயர் அதற்கு. நீரின்மேல் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் கொசுக் கூட்டம்போலத் தெரியும், ஆகவே எண் 18இல்கூடக் கட்டலாம். கண்ணுக்கும் தெரியும், கைக்கும் எளிது. 22இல் மல்லாட வேண்டியதே இல்லை.

குறுமுள்
ஆறுதான், மெதுவாக ஓடும் இடம். மிதக்கும் ஈ. கறுப்பு நூலில் உடல், முன்பக்கம் சேவல் இறகு நான்கைந்து சுற்று. நூல் 6/0, கைவசம் அதுதான் இருந்தது. படம் ஏற மறுக்கிறது. பழந்தூண்டில் ஐயா, நூறு இல்லை, எண்பது கட்டியிருக்கிறேன்.

பூச்சிப்பித்தன்
ஒரு சின்னத் திருத்தம். இறகுப்பெட்டி இரண்டு இடத்தில் கொசு என்று எழுதியிருக்கிறார். நாம் பேசும் மிட்ஜ் கைரோனோமிட் குடும்பம், இது கடிக்காது. கொசு வேறு குடும்பம். இரண்டுக்கும் இரண்டே சிறகு, அந்த அளவில்தான் உறவு.

இறகுப்பெட்டி
மீனுக்கு அந்த வேறுபாடு தெரியுமா?

பூச்சிப்பித்தன்
உங்கள் மீனுக்குத் தெரியாமல் இருக்கலாம். கட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும். கொசு என்று மனத்தில் வைத்துக் கட்டினால் நீண்ட காலும் ஊசி மூக்கும் வைக்கத் தோன்றும். மிட்ஜின் கூட்டுப்புழுவுக்கு மெல்லிய வயிறும் சற்றுப் புடைத்த மார்பும் உண்டு. தலைப்பக்கம் வெள்ளைத் துய்போல மூச்சிழைகள் இருக்கும். பார்த்துக் கட்ட வேண்டியது அதைத்தான்.

பழந்தூண்டில்
இருவரும் தவறு. தமிழில் இதற்குக் குறுஈ என்று சொல்லலாம். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் எழுதுகிறேன்.

இறகுப்பெட்டி
நீங்கள் மட்டும்தான் எழுதுகிறீர்கள் ஐயா.

பூச்சிப்பித்தன்
குறுஈ என்றால் சிறிய ஈ எல்லாமே அடங்கிவிடும். பழத்தைச் சுற்றும் ஈயும் குறுஈதான். மிட்ஜ் என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்? பஸ் என்று எழுதவில்லையா?

பழந்தூண்டில்
பஸ்ஸுக்குப் பேருந்து இருக்கிறது.

நீரோட்டம்
பெயர்சூட்டு விழாவை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாமா? குறுமுள், ஒன்று கேட்கிறேன், நினைவுபடுத்திச் சொல்லுங்கள். மீன் எழும்போது நீருக்குமேல் முதலில் தெரிந்தது மூக்கா, முதுகா? வளையம் கலைந்தபின் நடுவில் காற்றுக்குமிழி நின்றதா?

மூக்கு தெரிந்து குமிழியும் நின்றால் மேலே கிடக்கும் ஈயைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். முதுகும் வாலும் மட்டும் உருண்டு மறைந்து, குமிழியே இல்லையென்றால், அது தின்பது நீர்த்தோலுக்கு அடியில் தொங்கும் கூட்டுப்புழு. உங்கள் சட்டையில் உட்கார்ந்தது தப்பித்துப் பறந்த ஈ. தப்பித்ததைப் பார்த்து நீங்கள் கட்டினீர்கள், தப்பிக்காததை மீன் தின்கிறது.

எட்டெக்ஸ்
அதெல்லாம் சரி, டிப்பெட்?

குறுமுள்
முதுகுதான். குமிழியைப் பார்த்த நினைவு இல்லை. ஓரிரு மீன் மட்டும் மூக்கை நீட்டியது.

நூற்கண்டு
காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் மீனையும் பூச்சியையும் பேசுகிறீர்கள், 6/0 நூல் என்று அவர் சொன்னதை யாருமே பிடிக்கவில்லை. எண் 22இல் அந்த நூலை மூன்று அடுக்கு சுற்றினால் உடல் மிளகாய் விதையாக இருக்க வேண்டியது மிளகாயாகவே ஆகிவிடும். 14/0 அல்லது 16/0 வாங்குங்கள், எண் கூடினால் நூல் மெல்லியது. அதுவரை உள்ளதை வைத்துச் சமாளிக்க வேண்டுமானால், நூல் சுற்றிய பாபினைத் தொங்கவிட்டு மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுழற்றுங்கள். முறுக்கு அவிழ்ந்து நூல் நாடாபோலத் தட்டையாகும். ஒரே அடுக்கில் போய், ஒரே அடுக்கில் திரும்புங்கள்.

முள் ஏறாததற்கும் எனக்குக் காரணம் தெரிகிறது. இந்த அளவில் முள்ளின் வாய், அதாவது முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, ஏற்கெனவே குறுகல். தடித்த உடல் பாதியை அடைத்துவிடும், அடியில் நீட்டிய விறைப்பான இறகு மீதியை அடைக்கும். மீன் வாயை மூடும்போது முனை எதிலும் படாமல் வழுக்கி வெளியே வரும். இறகின் அடிப்பக்கத்தைக் கத்தரியால் தட்டையாக வெட்டிவிடுங்கள். வாய் தெளியும், ஈயும் நீர்த்தோலில் தாழ்ந்து படியும். அடுத்த முறை அகன்ற வாயுள்ள, தண்டு குட்டையான முள் வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் 22 இன்னொன்றின் 20 அளவுக்கு இருப்பதும் உண்டு, எண்ணை நம்பாமல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, உடலை வளைவுவரை நீட்டாமல் தண்டின் பாதியிலேயே நிறுத்தலாம். 22 முள்ளில் 26 அளவு பூச்சி கிடைக்கும், வாயும் திறந்திருக்கும். முள்ளின் கண்ணுக்குப் பின்னால் கண் அளவு இடம் விட்டுத் தொடங்குங்கள். நான் முதலில் கட்டிய ஒரு டஜனில் பாதிக்குக் கண்ணே அடைத்துப்போனது. குளிரில், விரல் மரத்த நிலையில், பசை அடைத்த கண்ணில் இழை கோக்க முயன்றவர்களுக்குத்தான் அந்தத் துயரம் புரியும். பசை வைத்த கையோடு ஓர் இறகுத் தண்டைக் கண் வழியாக இழுத்துவிடுவது இப்போது என் பழக்கம்.

பூச்சிப்பித்தன்
அக்கா சொன்னது அத்தனையும் சரி. கூட்டுப்புழு கட்டுவதானால் கறுப்பு நூல், அதன்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பி நான்கு சுற்று, தலையில் வெள்ளை இழை துளி. ஏறக்குறைய ஜீப்ரா மிட்ஜ் என்ற கட்டுதான், தலையில் கோக்கும் கனமான மணி மட்டும் கிடையாது. மணி வைத்தால் அடிக்குப் போய்விடும், உங்கள் மீன் மேலே நிற்கிறது.

நீரோட்டம்
தூண்டில் கயிற்றின் முனையில் வரும் மெல்லிய இழையான லீடருக்கு மிதவைப் பசை தடவி, ஈக்கு முன்னால் நான்கு விரற்கடையை மட்டும் தடவாமல் விடுங்கள். கூட்டுப்புழு நீர்த்தோலுக்குச் சற்று அடியிலேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, லீடர் நகர்வதைப் பாருங்கள்.

இறகுப்பெட்டி
கிரிஃபித்ஸ் நாட்டைப் பின்னால் கட்டிய கூட்டுப்புழுவுக்கு மிதவையாகவும் வைக்கலாம் என்பதைப் பதிவு செய்கிறேன்.

பழந்தூண்டில்
இதையெல்லாம் பழைய இழைகளில் நான் எழுதியிருக்கிறேன்.

நூற்கண்டு
சுட்டி கொடுங்கள் ஐயா, படிக்கிறேன்.

*(இரண்டு நாள் கழித்து)*

குறுமுள்
போய்வந்தேன். பாதித் தண்டில் நிறுத்தி, இறகே இல்லாமல், வெள்ளிக் கம்பியோடு நான்கு கட்டினேன். ஒன்றைக் கண் அடைத்துக் கெடுத்தேன், ஒன்றை மரத்தில் விட்டேன். மீன் இரண்டு, முள் நன்றாக ஏறியது, இரண்டையும் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியதால் எதனால் கிடைத்தது என்று சொல்லத் தெரியவில்லை. அனைவருக்கும் நன்றி, வேலைக்கு ஓடுகிறேன்.

எட்டெக்ஸ்
எத்தனை எக்ஸ் என்று இன்னும் சொல்லவில்லை.